பிரஷர் பிரதர்ஸின் மூணாவது விசில்

“பல் டாக்டருங்களா?”

“கிளினிக்தான். சொல்லுங்க, என்ன தொந்தரவு? பல்லா, ஈறா?”

“கடவாப் பல்லு உயிர வாங்குது, அது கெடக்கட்டும். நான் ரெக்கார்டு விஷயமாப் பேசுறேன். தாடின்னு சொன்னா டாக்டருக்குத் தெரியும். அவரு வருஷக்கணக்காத் தேடுறாரே, பிரஷர் பிரதர்ஸ், ‘மூணாவது விசில்’, அது கெடச்சிருச்சுன்னு சொல்லுங்க.”

“என்னது கெடச்சிருச்சு?”

“பிரஷர் பிரதர்ஸ்மா. ஒரிஜினல். பச்சைச் சீட்டுல பேரு அழகா அச்சடிச்சிருக்கு. கையில வச்சுக்கிட்டுத்தான் பேசுறேன்.”

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

“இருக்க முடியாதே,” என்றாள்.

“ஏன் இருக்க முடியாது?”

“இல்ல... அவ்வளவு அபூர்வம்னு டாக்டர் சொல்லுவாரு, அதான்.”

“அபூர்வம்தான். அதனாலதான் சும்மா தர முடியாது. டாக்டர்கிட்ட நீலப் பெட்டி ஒண்ணு இருக்குல்ல, அது முழுசா எனக்கு வேணும். பெட்டி இந்தப் பக்கம், தட்டு அந்தப் பக்கம். ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க. வரிசைல வேற ஆளும் நிக்குது.”

போனை வைத்துவிட்டு அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த ஒருவர், “உங்களுக்கும் பல் வலிங்களா?” என்று பரிவாகக் கேட்டார்.

“இல்லீங்க. இது தலைவலி. வீட்டுக்காரர் வழியா வந்தது.”

பிரஷர் பிரதர்ஸ் என்று உலகத்தில் எந்த இசைக்குழுவும் கிடையாது. வேறு யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, அக்காவுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைப் பெற்றவளே அவள்தான். பெற்ற இடம் அவள் வீட்டுச் சமையலறை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். பல் டாக்டர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அவள் அவன் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, போன் எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது, பயந்து ஓடப் பார்ப்பவர்களை மறித்து உட்கார வைப்பது எல்லாம் செய்கிறாள். அவள் கணவருக்கும் இந்தத் தம்பிக்கும் ஒரே பைத்தியம். பழைய சோல், ஃபங்க் என்னும் அமெரிக்க ஆட்டப் பாட்டு இசைத்தட்டுகள். அதிலும் ஊர் உலகம் அறிந்த பாடகரின் தட்டென்றால் இருவரும் மூக்கைச் சுளிப்பார்கள். எங்கோ ஒரு கார் கொட்டகையில் பாடிப் பதிந்து, சொற்பமாகத் தட்டு அடித்து, அதையும் யாரும் வாங்காமல், பாடினவன் மனம் வெறுத்து பஸ் ஓட்டப் போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட தட்டென்றால்தான் இருவருக்கும் நாக்கில் எச்சில் ஊறும்.

“யாருமே வாங்கலைன்னா பாட்டு நல்லா இல்லேன்னுதானே அர்த்தம்?” என்று அக்கா ஒருமுறை கேட்டாள். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்து அவளை முறைத்தார்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம், மெத்தைக் கடைக்கு மேலே இருக்கும் ஹாலில் இப்படிப்பட்ட பைத்தியங்களின் கோஷ்டி ஒன்று கூடும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் தட்டுப் போடுவார்கள். மற்றவர்கள் ஆடுவார்கள். வேறு யாரிடமும் இல்லாத பாட்டைப் போடுகிறவன் அன்றைக்கு ராஜா. அந்த ராஜ்யத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழியும் வைத்திருந்தார்கள். தட்டின் நடுவில் ஒரு வட்டச் சீட்டு ஒட்டி, பாடியவர் பெயர் அச்சிட்டிருப்பார்கள் அல்லவா? அதன்மேல் இன்னொரு காகிதத்தை ஒட்டி, இல்லாத பெயர் ஒன்றை எழுதிவிடுவார்கள். எட்டிப் பார்க்கிறவன் அந்தப் பொய்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு காடு மேடெல்லாம் அலைவான். பாட்டு பத்திரமாக இருக்கும். கேட்டால், இது ஏமாற்று இல்லையாம், பழக்கமாம்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஹாலில் அவருக்கு ஊசியார் என்று பெயர். தட்டில் இறக்குமுன் ஊசியை ஊதுவார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார், மறுபடி ஊதுவார். பெற்ற பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தபோதுகூட அவர் அத்தனை பயபக்தி காட்டியதில்லை. மூடப்போகும் ஒரு நடன கிளப்பில் லிஃப்ட்டைக் கழற்றப் போன நாளில், அங்கே குப்பையில் கிடந்த ஒரு தட்டோடு வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

“ஒரு பேரு சொல்லு.”

“என்ன பேரு?”

“ஒரு பேண்டு பேரு, ஒரு பாட்டுப் பேரு. மச்சானால கண்டுபிடிக்கவே முடியாத பேரா இருக்கணும்.”

“இங்க குக்கர்ல மூணாவது விசில் வந்திருச்சு, அணைக்கக் கை ஒழியல, நானே பிரஷர்ல நிக்கிறேன். பேரு வேணுமாம் பேரு!”

அவர் முகம் பளிச்சென்று ஆயிற்று. அப்படிப் பிறந்ததுதான் பிரஷர் பிரதர்ஸின் ‘மூணாவது விசில்’.

பாட்டு நல்ல பாட்டுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து உருகி உருகிப் பாடுவாள். பின்னால் டிரம்ஸும் கிட்டாரும் இடுப்பைச் சும்மா இருக்க விடா. கடைசியில் டிரம்பட்காரர்கள் மூன்று முறை வெடிப்பார்கள். மூன்றாவது வெடிக்கு மெத்தைக் கடையின் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். ஊசியார் ராஜாவானார். டாக்டர் தேடத் தொடங்கினார்.

எந்தெந்த நாட்டில் தட்டு விற்கிறவர்கள் உண்டோ அத்தனை பேருக்கும் கடிதம் போயிற்று. அதையெல்லாம் டைப் அடித்தது யார்? அக்காதான். தான் பெற்ற பெயரைக் காணோம் என்று தானே உலகம் பூராவும் தமுக்கடித்தாள். சொல்லித் தொலைத்துவிடலாமென்றால், ஊசியார் சத்தியம் வாங்கியிருந்தார். பிள்ளைகள் தலையில் அடித்தல்ல. தட்டு ஊசியைத் தொட்டு.

டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒருமுறை சாப்பிட வந்தவர், கை கழுவப் போகிறேன் என்று எழுந்து தட்டு அறைக்குள் நுழைந்துவிட்டார். ஊசியார் போய்ப் பார்த்தால், மச்சான் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து, தட்டின் காகித ஓரத்துக்கடியில் விட்டுத் தலைகீழாகக் குனிந்திருந்தார்.

“என்ன மச்சான், சொத்தை இருக்கா?”

“லேசா ஆடுது அத்தான். புடுங்கிரலாமா?”

அதற்குப் பிறகு அந்த அறைக்குப் பூட்டு வந்தது.

இப்போது அக்கா டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே ஒரு அம்மாள் வாயைப் பிளந்து கிடந்தார்.

“டாக்டர்,” ஆட்கள் முன்னால் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், “தாடின்னு ஒருத்தரு போன் பண்ணாரு. பிரஷர் பிரதர்ஸ் கெடச்சிருச்சாம்.”

ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்த துளைக்கருவி நின்றது.

“அக்கா. இன்னொரு தரம் சொல்லு.”

“ஆ... ஆ...” என்றார் நாற்காலியில் இருந்த அம்மாள்.

“அப்படியே தெறந்து வச்சிருங்கம்மா, இதோ வந்துர்றேன்.”

கருவிகளை வேகவைக்கும் சின்ன அறைக்குள் அக்காவை இழுத்துக்கொண்டு போய், டாக்டரே தாடியைக் கூப்பிட்டார். “கேளுங்க டாக்டர்,” என்றான் தாடி. போனுக்குள்ளிருந்து முதலில் டிரம்ஸ் வந்தது. அப்புறம் கிட்டார். அப்புறம் அந்தப் பெண் குரல். சந்தேகமே இல்லை, அதே பாட்டு. கையுறையோடு டாக்டர் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. இல்லாத பெயரில் இருக்கிற பாட்டு எப்படி வந்தது?

“நீலப் பெட்டி கேக்குறான்டா,” என்றாள்.

“குடுத்துரலாம்.”

“டேய்! முழுப் பெட்டி!”

“கேட்டுச்சு.”

“அது என்னன்னு நெனப்பு இருக்கா ஒனக்கு? காலேஜ் போன காலத்துலேருந்து பட்டினி கெடந்து ஒவ்வொரு தட்டாச் சேத்தது. அதப் பாத்துட்டுத்தான் ரெண்டு வீட்டுக்காரங்க பொண்ணு தரமாட்டேன்னு எந்திரிச்சுப் போனாங்க. வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப அதத் தலைல வச்சுத் தூக்கிட்டு வந்தவ நான். என் கல்யாணப் புடவை பீரோவோட மிதக்குது, நீ ‘புடவை வாங்கிக்கலாம்க்கா, பெட்டிய எடு’ன்னு கத்துற. எடுத்தேன்ல? இப்ப ஒத்தத் தட்டுக்குத் தூக்கிக் குடுக்கிறியா?”

“ஒத்தத் தட்டுன்னு சொல்லாத. அத்தான் மூஞ்சிய நெனச்சுப் பாரு. வர்ற மொதல் சனிக்கிழமை அவருக்கு முன்னாடி நான் அதப் போடுறேன். அந்த மூஞ்சிக்கு ரெண்டு பெட்டி குடுக்கலாம். ஞாயித்துக்கிழமை அவரையும் கூட்டிட்டு வந்துரு. நேர்லயே பாத்துரலாம்.”

உள்ளேயிருந்து “ஆ...” என்று சத்தம் வந்தது. டாக்டர் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

அக்கா வீட்டுக்கு வந்தபோது ஊசியார் தட்டு அறைத் தரையில் குப்புறப் படுத்து, கீழ்த்தட்டு வரிசையில் தூசி ஊதிக்கொண்டிருந்தார்.

“பிரஷர் பிரதர்ஸ் கெடச்சிருச்சாம்.”

“யாருக்கு?”

“ஒங்க மச்சானுக்கு.”

ஊசியார் சிரித்தார். புரண்டு படுத்துச் சிரித்தார். “எங்க கெடச்சுதாம், அடுப்புக்குப் பின்னாடியா?”

“போன்ல பாட்டும் போட்டுக் காமிச்சான். அதே பாட்டு.”

மின்சாரம் போனதும் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடும் லிஃப்ட் மாதிரி அவர் சிரிப்பு நின்றது.

“பேரு?”

“பச்சைச் சீட்டுல அச்சடிச்சிருக்காம். பிரஷர் பிரதர்ஸ்னு.”

“அப்ப போலி. நம்ம வச்ச பேரு எவன் கம்பெனியில அச்சாகும்? எவனோ திருட்டுத்தனமா அடிச்சிருக்கான்.”

“தெரியுதுல்ல? அதுக்கு நீலப் பெட்டியவே குடுக்கப் போறான். போன எடுங்க, சொல்லுங்க.”

“சொல்ல முடியாது.”

“ஏன் முடியாது? ஒட்டுன பேருதான்னு சொல்றதுல என்ன மானம் போகுது? ஹால்ல எல்லாரும்தான் ஒட்டுறீங்க.”

“அது இல்ல. அடுத்தாப்புல அவன் என்ன கேப்பான்? ‘அப்ப உண்மையான பேரு என்ன அத்தான்?’னு கேப்பான்.”

“சொல்லிட்டுப் போங்க. தம்பிதானே.”

ஊசியார் எழுந்து உட்கார்ந்தார். சும்மா இருந்த ஊசியை ஊதினார். மறுபடி ஊதினார்.

“தெரியாது,” என்றார்.

“என்ன தெரியாது?”

“பேரு. எனக்குத் தெரியாது. நான் எடுத்துட்டு வந்தப்பவே அது மேல ஒரு காயிதம் ஒட்டியிருந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன், அதுக்கடியில இன்னொரு பொய்ப் பேரு. அதையும் பிரிச்சேன். அதுக்கும் கீழ பிளேடால சுரண்டி வச்சிருக்கான், எந்தப் பாவியோ. தட்டுலயே ஓரமா நம்பர் பொறிச்சிருப்பாங்க, அத வச்சாவது கண்டுபிடிக்கலாம்னா அதையும் ஆணியால கீறிட்டான். தட்டு மொட்டையா கெடக்கு. அதான் ஒன்கிட்ட ஓடி வந்து பேரு கேட்டேன்.”

“அப்ப இத்தன நாளா நீங்க மூடி மூடி வச்சது...”

“எனக்குத் தெரியாதுங்கிறதத்தான்.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தை எட்டிப் பார்க்கத் தம்பி தலைகீழாகக் குனிந்து நின்றதை நினைத்தாள்.

“சிரிக்காத. ஹால்ல யாரு என்ன தட்டப் போட்டாலும், யாரு பாடுனது, எந்த வருஷம், டிரம்ஸ் அடிச்சவன் மாமனார் யாருன்னு சொல்ற ஆளு நான். என் தட்டுக்கே பேரு தெரியாதுன்னா நாளைக்கு எவன் மதிப்பான்? ஒன் தம்பி மைக்குல சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். அதுக்காக அவன் பெட்டி போகணுமா? அத வேடிக்கை பாத்தீங்கன்னா நாளைக்கு நான் மதிக்க மாட்டேன். அது பரவால்லயா?”

“நீ சத்தியம் பண்ணியிருக்க. ஊசியத் தொட்டு.”

“அந்த ஊசி தேஞ்சுபோச்சுன்னு போன மாசம்தானே கழட்டிப் போட்டீங்க? சத்தியமும் அதோட போச்சு.”

அக்கா சமையலறைக்குப் போனாள். அடி கருகிய குக்கர் மேடையில் இருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் அந்தக் கறுப்பு போகவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு முதல் சனிக்கிழமை, “மூணாவது விசில் வந்ததும் அணைச்சிட்டுக் கெளம்புங்க,” என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு அவள் கிளினிக்குக்குப் போயிருந்தாள். வேலை முடிந்ததும் சந்தேகம் வந்து நேராக ஹாலுக்கே போய்விட்டாள். அவள் அங்கே கால் வைத்தது அந்த ஒரு தடவைதான். ஆட்டத்தின் நடுவே புகுந்து புருஷனைப் பார்த்துக் கத்தினாள். ஹாலே திரும்பிப் பார்த்தது. அவர் போட்டது போட்டபடி ஓடினார். அவளுக்குப் போன மானம் போனதுதான், குக்கரும் போனதுதான்.

பின்னால் வந்து நின்ற ஊசியார், “சரி. ஞாயித்துக்கிழமை நானே வந்து சொல்லிர்றேன்,” என்றார். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசும் குரலில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. காத்திருக்கும் அறையில், நோயாளிகளின் பயம் தெளிய டாக்டர் வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கர்களும் தட்டுச் சுழலியும் தயாராக இருந்தன. முன்மேசை மேல் நீலப் பெட்டி. அதன் மூலையில் வெள்ளத் தண்ணீரின் கறை இன்னும் இருந்தது. தாடி ஒரு பக்கக் கன்னம் வீங்கி, துண்டால் பொத்திக்கொண்டு வந்தான். தாடி இருந்ததால் வீக்கம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

“வாங்க அத்தான்! உக்காருங்க. வெளிச்சத்துல உக்காருங்க, மூஞ்சி தெரியணும்.”

“மச்சான், அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்...”

“பாட்டு முடியட்டும். எதுவானாலும் அப்புறம்.”

“இல்ல மச்சான், இந்தப் பேரு...”

“பேரு, வருஷம், டிரம்ஸ்காரன் மாமனார், எல்லாத்தையும் அப்புறம் சொல்லலாம். இன்னிக்கு நீங்க கேக்குற ஆளு. நான் போடுற ஆளு.”

டாக்டர் ஊசியை இறக்கினார். தாடி நீலப் பெட்டிப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். பாட்டு எழுந்தது. ஊசியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். நடுவில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவர் அக்காவின் கையைப் பிடித்தார்.

“அது என் கீறல்,” என்று கிசுகிசுத்தார். “என் தட்டுல அதே எடத்துல ‘டப்’புங்கும். ஸ்குரூடிரைவர் விழுந்தது.”

“எந்திரிச்சு சொல்லுங்க.”

“சொல்ல விட்டாத்தானே?”

டாக்டர் கண்களை மூடி ஆடிக்கொண்டிருந்தார். டிரம்பட் ஒரு முறை வெடித்தது. இரண்டாவது வெடித்தது. மூன்றாவது வெடிக்கும்போது, அதற்கடியில் எங்கோ தொலைவிலிருந்து ஒரு பெண் குரல் நீளமாகக் கதறியது.

“ஆகா! கேளுங்க அத்தான், கேளுங்க! இந்த எடம் ஒங்க தட்டுல இல்ல! என்ன உருக்கம்! அடிவயித்துலேருந்து வருது பாருங்க!”

“அதான் டாக்டர் ஒரிஜினல்,” என்றான் தாடி துண்டுக்குள்ளிருந்து.

அக்காவுக்குக் காது கூசியது. அந்தக் கதறலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் அம்மாவுடைய குரல் மாதிரி இருந்தது. அம்மா பாடினதே கிடையாது.

“டேய், அந்த எடத்தத் திரும்பப் போடு.”

“ஒனக்கே புடிச்சிருச்சு பாத்தியா!”

“சத்தத்தக் கூட்டிப் போடு.”

டாக்டர் ஊசியைப் பின்னால் நகர்த்தி, ஸ்பீக்கரை முழுசாகத் திறந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர, டிரம்பட்டுகளுக்கு நடுவிலிருந்து தெள்ளத் தெளிவாக வந்தது:

“ஏங்க! குக்கர அணைச்சீங்களாஆஆ?”

அதை அடுத்து, ரொம்பக் கிட்டத்தில், ஒரு ஆண் குரல்:

“அய்யய்யோ!”

பிறகு தடதடவென்று யாரோ ஓடும் சத்தம். தட்டு முடிந்தது.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். ஊசியாரைப் பார்த்தார். சுழன்றுகொண்டிருந்த தட்டைப் பார்த்தார். நீலப் பெட்டியின் பிடியில் ஏறியிருந்த தாடியின் கை மெதுவாக இறங்கியது.

“யோவ்,” என்றாள் அக்கா. “ஹால்ல திருட்டுத்தனமாப் பதிவு பண்ணினியா?”

“ஸ்பீக்கருக்குக் கீழ ஒரு சின்ன மெஷின வச்சுட்டு வெளிய போயிட்டேன். பதிவு பண்ணதக் குடுத்தா அதத் தட்டுல வெட்டித் தர்ற ஆளு ஒருத்தன் இருக்கான். மாதிரிக்கு ஒண்ணே ஒண்ணு வெட்டச் சொன்னேன். டாக்டர் இதத்தான் கேட்டாரு, நான் குடுத்தேன். வேறென்ன பண்ணேன்?”

“என் குரலு அதுல இருக்கே, கேக்கலியா ஒனக்கு?”

“என் ஸ்பீக்கர்ல இவ்வளவு தெளிவா கேக்காதுமா. யாரோ சோகத்துல கதறிப் பாடுறாங்கன்னு நெனச்சேன். எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு.”

“சோகம்தான்யா. அடிபுடிச்ச சோகம்.”

டாக்டர் நாற்காலியில் விழுந்தார். “சரி, இது போலி. ஆனா எங்கேயோ நெஜமான பிரஷர் பிரதர்ஸ் இருக்குல்ல? அத்தான் கையில இருக்குல்ல?”

ஊசியார் எழுந்து நின்றார். வேர்த்திருந்தது. “இல்ல மச்சான். அது ஒட்டுன பேரு. ஒங்கக்கா வச்சது. அடுப்படியில. விசில் அடிச்சப்ப.”

“அக்கா?”

“ஆமாண்டா.”

“அடிப்பாவி! கடுதாசி எல்லாம் நீதானே டைப் அடிச்ச!”

“ஒரு பிழை இருந்துச்சா சொல்லு.”

“ஊர் ஊரா, நாடு நாடா, ஒங்க வீட்டுக் குக்கரத்தான் தேடிக்கிட்டிருந்தனா நான்?” டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். “சரி. இப்பவாவது சொல்லுங்க. உண்மையான பேரு என்ன அத்தான்?”

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவள் சொல்லிவிட்டிருக்கலாம். சொல்லவில்லை. ஊதுவதற்கு அவர் பக்கத்தில் ஊசிகூட இல்லை.

“தெரியாது மச்சான்.”

“அத்தான், போதும் வெளையாட்டு.”

“சத்தியமாத் தெரியாது. சீட்டச் சுரண்டி வச்சிருக்கு. நம்பரையும் கீறி வச்சிருக்கு. நீ கண்ணாடி விட்டுப் பாத்தியே, அடியில ஒண்ணுமே இல்ல. வேணும்னா கொண்டாந்து காட்டுறேன். ஹால்ல எல்லார்கிட்டயும் நீயே சொல்லிக்க.”

டாக்டர் அவரைப் பார்த்தார். வாய் கோணிற்று. அழப்போகிறார் என்று அக்கா நினைத்தாள். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமினார்.

“டிரம்ஸ்காரன் மாமனார் பேரு வரைக்கும் சொல்லுவீங்களே அத்தான்! சொந்தத் தட்டுக்கு அப்பன் பேரு தெரியலியா!”

“சிரி. நல்லா சிரி.”

இந்தச் சந்தடியில் தாடி பச்சைச் சீட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நழுவினான்.

“எங்க போற? தட்ட வை,” என்றார் டாக்டர்.

“போலின்னீங்களே டாக்டர்?”

“ஊருல எத்தன பேர்கிட்ட எங்கக்கா பாடுன தட்டு இருக்கு?”

“நான் பாடலடா!”

“ஒலகத்துலயே ஒண்ணே ஒண்ணு. இனிமே வெட்டவும் முடியாது, அந்தக் குக்கர் மறுபடி கருகாது. இதவிட அபூர்வம் எது இருக்கு?”

ஊசியாரின் முகம் மாறியது. பெயர் தெரியாது என்று சொன்னபோதுகூட அந்த முகம் இவ்வளவு வாடவில்லை. “மச்சான்,” என்றார், “அதுல என் குரலும் இருக்கு. நியாயமாப் பாத்தா அது எனக்குத்தான்...”

“ம்ஹூம். இப்பத்தான் அத்தான் நான் பாக்கணும்னு நெனச்ச மூஞ்சி வந்திருக்கு. அப்படியே வச்சிருங்க.” டாக்டர் தாடி பக்கம் திரும்பினார். “நீலப் பெட்டி கெடையாது. ஒரு தட்டுகூடக் கெடையாது. நாற்காலில ஏறு. அந்தக் கடவாப் பல்லப் பாத்து விடுறேன், தட்ட வச்சுட்டுப் போ.”

“வலிக்குமா டாக்டர்?”

“வலிக்கும்,” என்றாள் அக்கா.

நீலப் பெட்டியை அவளே தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அன்றைக்குத் தலையில் சுமந்ததைவிட இப்போது கனமாகத்தான் இருந்தது. இடையில் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திணித்திருக்கிறான் படுபாவி.

அடுத்த முதல் சனிக்கிழமை, அக்கா இரண்டாவது முறையாக அந்த ஹாலுக்குப் போனாள். வரமாட்டேன் என்று அடம் பிடித்தவளை இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அதற்குள் விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெயரே தெரியாத ராஜா என்று ஊசியாரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். அவர் முதலில் முறைத்தார். பிறகு, “பேரு தெரியாதுதான், பாட்டத் தெரியும்ல?” என்று பதில் கொடுக்கப் பழகிக்கொண்டார். அவர் தட்டில் பழையபடி அதே காகிதம்தான் ஒட்டியிருந்தது. வேறு எந்தப் பெயரை வைப்பது?

டாக்டரின் முறை வந்தது. பச்சைச் சீட்டை மறைக்கவேயில்லை. தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டுப் போட்டார். ஹால் ஆடியது. டிரம்பட் ஒருமுறை வெடித்தது. இரண்டாவது வெடித்தது. மூன்றாவதுக்கு ஹாலிலிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

“ஏங்க! குக்கர அணைச்சீங்களாஆஆ?”

ஆண்கள் எல்லாரும் நெஞ்சில் கை வைத்து, “அய்யய்யோ!” என்றார்கள்.

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு, சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பக்கத்தில் நின்ற ஊசியாரின் காதில் போய்க் கேட்டாள்:

“ஆமா, நெஜமா கேக்குறேன். இன்னிக்கு அணைச்சீங்களா?”

ஊசியார் அவளை ஏளனமாகப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, குக்கரின் வெயிட்டை எடுத்து அவள் கண் முன்னால் ஆட்டினார்.

“ஒரு தடவ சூடு பட்டாச்சு. இப்பல்லாம் கெளம்புறப்ப இதக் கையோட கழட்டிட்டு வந்துர்றேன். இது இங்க இருக்கிற வரைக்கும் அங்க விசிலே வராது. எப்படி?”

“கெட்டிக்காரர்தான். வெயிட்டக் கழட்டுனீங்க, சரி. அடுப்ப?”

வெயிட் காற்றில் அப்படியே நின்றது.

“அய்யய்யோ!”

அப்போதுதான் பாட்டு முடிந்திருந்தது. ஹாலில் எல்லாரும், தட்டில் அந்த இடம் இன்னொரு முறை வருகிறது என்று நினைத்துக் கை தட்டினார்கள். படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது.